மார்பில் குத்து, கோப்பில் ஏழெழுத்து

அமெரிக்காவில் ஒருவர் மார்பில் கத்திக்குத்து வாங்கினால், ரத்தம் நின்றதோடு விஷயம் முடியாது. காப்பீட்டுப் பணம் வர, குத்துக்கு ஏழெழுத்தில் ஒரு பெயர் வேண்டும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் ஆட்சி. இடது முன்மார்பில் குத்து, கத்தி நெஞ்சறைக்குள் இறங்கியது, உள்ளே எதுவும் சிக்கவில்லை என்றால் எஸ்21.332ஏ. இறங்கவில்லையா? எஸ்21.132ஏ. புள்ளியை அடுத்து வரும் மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு நுரையீரல் தொங்குகிறது.

மருத்துவர் அவசரத்தில் "மார்பில் காயம்" என்று மட்டும் எழுதிவிட்டால் போச்சு. அந்த அமெரிக்கக் கோப்புக்கு எண் போட சென்னையில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் கோடர், 'இடதா வலதா, இறங்கியதா இல்லையா' என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தானாக ஊகிக்கக் கூடாது. கடைசி 'ஏ' முதல் வருகையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை எத்தனை தடவை வந்தாலும் 'ஏ'தான்.

கத்தியால் தாக்கியதற்குத் தனி எண், எக்ஸ்99.1. குத்து விழுந்தது சமையலறையிலா படுக்கையறையிலா என்பதற்கும் எண் உண்டு. சரி, யாராவது நெஞ்சறை எட்டும்வரை முன்மார்பைக் கடித்துவிட்டால்? அவ்வளவு ஆழமாகக் கடிப்பவர் யாரோ, எனக்குத் தெரியாது. எண் தயாராக இருக்கிறது: எஸ்21.35.