மதுவிலக்குத் துறையின் மகத்தான விற்பனை

புதுச்சேரியிலிருந்து வரும் பைக்கை கீழ்புத்துப்பட்டுப் பக்கம் போலீஸ் ஓரங்கட்டும். "சீட்டைத் தூக்குப்பா." அடியில் குவார்ட்டர் பாட்டில்கள் இருந்தால் கடத்தல், வழக்கு. அதே சரக்கு பின்னால் உட்கார்ந்திருப்பவன் வயிற்றில் இருந்தால், போகலாம். நம் அரசுக்கு எங்கே வலிக்கிறது என்பது இதிலேயே தெரியும்: உயிர் போவதில் அல்ல, வருமானம் எல்லை தாண்டிப் போவதில்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதல்வர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார், செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், எஸ்.பி. சஸ்பெண்ட். சரிதான். ஆனால் அரசு முத்திரை ஒட்டிய சரக்கைக் குடித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் தன் உயிரை முடித்துக்கொள்ளும் பையன் வீட்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட வருவதில்லை. ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்கள்: 'தீராத வயிற்று வலி.' மனம் இரங்கினால், 'குடும்பத் தகராறு.'

விடிந்தால் ஆறிப்போகும் மனக்கசப்பை விடியும்வரை பொறுக்க விடாது போதை. மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாடு முழுக்கக் காரணம் பார்த்தால், 'போதைப் பழக்கம்' 100-க்கு 7 கூட இல்லை. 'குடும்பப் பிரச்சினை' 32. ராத்திரி 10 மணிக்குக் கடை சாத்தியபின் அந்தக் குடும்பப் பிரச்சினை எத்தனை வீட்டுக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஒரு சொட்டும் தொடாத பிள்ளைகளையும் குடி விடவில்லை. 2018 மே மாதம் நெல்லையில் ஒரு பிளஸ் 2 மாணவன், அப்பா குடியை விடவேண்டும், அரசு மதுக்கடைகளை மூடவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு இறந்துபோனான். அவன் இருந்து சாதித்திருக்க வேண்டியது எத்தனையோ. அவன் சாவால் எதுவும் அசையவில்லை. 2024-25-ல் டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி ரூபாய்.

இந்த விற்பனையைக் கட்டி மேய்க்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் நாணயம் அதற்கு உண்டு. பாட்டில் திரும்பி வரத் திட்டம் இருக்கிறது. பிள்ளை திரும்பி வரத்தான் இல்லை.

மனம் உடைந்தால் 14416 என்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்கிறார்கள். கட்டாயம் கூப்பிட வேண்டும். ஆனால் இந்தக் கடற்கரை ஊர்களில் மதுக்கடை எங்கே என்று சின்னப் பையனுக்கும் தெரியும். குடியை விட வைத்தியம் எங்கே என்றால் பெரியவர்களே விழிக்கிறார்கள். விற்கத் தெருவுக்கு வந்தவர்கள் மீட்கவும் அதே தெருவுக்கு வரட்டும். முதலில் அந்த வயிற்று வலிக்கு உண்மையான பெயரை எழுதட்டும்.