செயலாளர் அவர்களின் செவிக்கு

மார்கழிக் கச்சேரி நடத்தும் சபா செயலாளர் அவர்களுக்கு, கடைசி மூன்று வரிசைக்காரர்கள் எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம். கேன்டீன் காபி அதைவிட நலம். மேடையில் பூ அலங்காரத்துக்கு அரை நாள் ஒதுக்கப்பட்டது, நியாயம்தான். ஒலி சரிபார்க்கக் கிடைத்ததோ திரை விலகும் முன் ஐந்தே நிமிடம். அதில் பாதி மைக்கைத் தட்டுவதிலும் ஊதுவதிலும் போயிற்று.

வர்ணம் முடியுமுன்பே வித்வானின் விரல் மேலே போகிறது. ஆண்டவனைக் காட்டுகிறாரோ என்று முன்வரிசை மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வித்வான் கேட்டது, தம் பாட்டுத் தமக்கே கேட்க மேடையில் வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் இன்னும் கொஞ்சம் சத்தம். உடனே வயலின்காரர் விரல், பின்னாலேயே மிருதங்கக்காரர் விரல். மூன்றையும் ஏற்றியதும் ஸ்பீக்கரில் வந்த ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய் ‘கூ’ என்று ஊளையிட்டது. கச்சேரி மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. அவற்றின் முதுகுப் பக்கத்துக்குக் காது மந்தம். மானிட்டர் அங்கே இருந்தால் ஊளை பெருமளவு அடங்கும். அந்த இடத்தில் விளம்பரதாரர் பெயர் போட்ட பூத்தொட்டி வீற்றிருந்தது.

மிக்ஸர்காரரைப் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது யார் யோசனையோ! அவர் காதில் விழுவது மானிட்டரும் கேன்டீன் பாத்திரமும்தான். அரங்கின் நடுவில் அவருக்கு இடம் தர நாலு நாற்காலி போகும், அவை பிரமுகர்களுக்காம். பிரமுகர்கள் துக்கடாவுக்குத்தான் வந்தார்கள்.

தனி ஆவர்த்தனம் தனிக்கதை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி மாட்டிய பின்பக்க ஸ்பீக்கரை 100 மில்லிநொடியாவது தாமதப்படுத்த வேண்டும். யாரும் செய்யவில்லை. பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழுந்தது. தாளம் போட்ட பெரியவர் ஒருவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மைக் வராத காலத்தில் பின்வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ஒன்றரைக் கட்டைக் குரலையும் கடைசி நாற்காலிவரை கொண்டுபோனது மைக்தான். அதைக் கையாளுகிறவர் பெயர் அழைப்பிதழில் இல்லை. மேளகர்த்தா எண் சகிதம் ராகப் பட்டியல் இருக்கிறது.

வரும் டிசம்பரில் கச்சேரி 6 மணிக்கு என்றால், 5 மணிக்கே கலைஞர்களை மேடையில் உட்காரவைத்து மிக்ஸர்காரரை அரங்கின் நடுவில் விடச் செயலாளர் அவர்கள் உத்தரவிட வேண்டும். அன்று கேன்டீன் அரை மணி தாமதமாகத் திறந்தாலும் கடைசி வரிசைக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.