பரண் இருக்கக் கூடாரம் எதற்கு?

கரடியனாற்றில் அருவி கிடையாது. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதி எங்களூரைத் தாண்டித்தான் மலைக்கு ஏறுகிறது. 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த வழியே போய்ச் சேர வேண்டியதுதான். நமக்கு வாய்த்தது மார்கழி மழையில் திறக்கும் உன்னிச்சைக் குளத்து வான்கதவு. திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், பாதி மட்டக்களப்பு மோட்டார் சைக்கிளில் வந்து நின்று படம் எடுக்கும். கீழே வயல் மூழ்கியவன் மட்டும் எந்தப் படத்திலும் விழமாட்டான்.

இப்போது கூடாரக்காரரும் வருகிறார்கள். நெற்றியில் கட்டும் விளக்கு, காற்றடிக்கும் மெத்தை, மடக்குக் கதிரை. காட்டோடு ஒன்றிப்போக வேண்டுமாம். வட்டைக்குள் பரண் கட்டி, டோர்ச்சும் யானை வெடியுமாக இரவிரவாகக் காவல் கிடக்கும் விவசாயி போகம் முழுக்க ஒன்றித்தான் போயிருக்கிறான். கட்டணமும் இல்லை. விடியும்போது வேளாண்மை மிஞ்சியிருந்தால் அது அவனுக்குக் கிடைத்த சலுகை.

கொழும்புத் தம்பி ஒருவர் பரணடியில் நின்று கேட்டார்: "ஐயா, ராவைக்கு யானை பார்க்கக் கிடைக்குமா?"

"கிடைக்கும் மனே. தேடித் திரியத் தேவல்ல, அதுவே வரும். நூடில்ஸ மட்டும் கொஞ்சம் கூட அவிச்சு வையுங்க."