சுலோகப் புலவர்

மார்ச் பிறந்தால் எனக்குள் தூங்கும் புலவர் எழுந்துகொள்வார். 1966 மார்ச் 4 தேசிய பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள். அதைச் சாக்கிட்டு எங்கள் ஒரகடம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம், கூடவே ஸ்லோகன் போட்டி. முதல் பரிசு ஹாட்பாக்ஸ்.

‘தலைக்கவசம் தலைக்கு வசம்’ என்று எழுதிப் போட்டேன். சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டு, “தலைக்கு வசம்னா என்னண்ணே?” என்றார். எனக்கும் தெரியவில்லை. ஓசை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஹாட்பாக்ஸ், ‘ஹெல்மெட் போடு, வீடு போய்ச் சேரு’ என்று எழுதிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குப் போனது.

தோற்றவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, “ஸ்லோகனே நம்ம சுலோகத்துலேர்ந்து போனதுதான். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலன்னா எப்படி?” என்று அளந்துவிட்டேன். இலங்கைப் பத்திரிகைகளில் ஆர்ப்பாட்டக்காரர்கள் ‘சுலோக அட்டை’ ஏந்துவதையும் சாட்சிக்கு இழுத்தேன். டிரெய்னிப் பையன் போனைத் தடவிவிட்டு, “ஸ்காட்லாந்து கேலிக் மொழின்னு போட்டிருக்குண்ணே” என்றான். ‘ஸ்லுவா’ என்றால் படை, ‘கெரம்’ என்றால் கூவல். மலைநாட்டுக் குலத்தார் சண்டைக்கு இறங்கும்போது எழுப்பிய போர்க்குரல்.

அன்றிரவு நெட்டில் துழாவியதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அந்தச் சொல் ‘ஸ்லக்ஹார்ன்’ என்றும் திரிந்திருந்ததால், 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாட்டர்டன் அதை ஊதுகொம்பு என்று நினைத்துவிட்டாராம். ராபர்ட் பிரவுனிங் 1855இல் வெளியான கவிதையில் தன் வீரனை அதை எடுத்து ஊதவே வைத்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆட்களே கொம்பு ஊதியிருக்கும்போது நான் எம்மாத்திரம்?

போர்க்குரல் என்று தெரிந்தபிறகு, ஷெட் சுவரில் பெயின்ட் உதிரும் எங்கள் வாசகங்களை ஸ்லோகன் என்று சொல்லவே கூசுகிறது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் பந்தலில் எழுந்ததுதான் அந்தக் கேலிக் சொல்லுக்குக் கிட்டே வரும். நாம் அதைக் கோஷம் என்கிறோம். ஒருவரும் படிக்காமல் கடந்துபோவதை ஸ்லோகன் என்கிறோம்.

அப்போது கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போனால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், பேச்சுவார்த்தை என்ன ஆச்சு என்று விசாரிப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோஷத்தில் எதுகை மோனை இடறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.