எல்லாம் அடக்கம், கலியாண வீட்டுக்காரர் நீங்கலாக

பெறுநர்:
கலியாணப் பிரிவு மேலாளர் அவர்கள்,
'எல்லாம் அடக்கம்' கடற்கரை விடுதி,
புந்தா கானா, டொமினிக்கன் குடியரசு.

பெருமதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

தை மாதக் கடைசியில் உங்கள் விடுதியில் எங்கள் அண்ணன் மகளின் கலியாணம் நடந்தது. 'உங்கள் அனுபவம் எப்படி?' என்று அன்றிலிருந்து மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனையை அழுத்துவது என்பதில் குடும்பத்துக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. பெண்ணின் சித்தப்பா, நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்று இரண்டு தகுதிகளைச் சொல்லி, பதில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் வாசற்பனியைத் தள்ளிவிட்டு விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் வெயில். உங்கள் விமான நிலையத்தின் ஓலைக் கூரையை அக்கா அண்ணாந்து பார்த்து, "வேய்ச்சல் நல்லாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். "இதுக்குக் கீழை இருக்கேலாது எண்டுதானே ஊரிலை கல்வீடு கட்டினனாங்கள்" என்றும் சொன்னார்; அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடலும் விளம்பரப் படத்தில் கண்ட அதே நிறத்தில்தான் இருந்தது. அதில் மோசடி எதுவும் இல்லை.

வந்திறங்கிய கையோடு எல்லோர் மணிக்கட்டிலும் பிளாஸ்டிக் பட்டி கட்டினீர்கள். கழற்ற முடியாது, அறுந்தால் புதியதற்குக் கட்டணம். எங்கள் கலியாணத்திலும் மணிக்கட்டில் காப்புக் கட்டுவதுண்டு. மஞ்சள் பூசிய நூல், ஐயர் மந்திரம் சொல்லிக் கட்டுவார். அதை அவிழ்க்கும்வரை மாப்பிள்ளை அங்கே இங்கே அலையக் கூடாது என்பார்கள். உங்கள் காப்புக்கும் ஏறக்குறைய அதே விதிதான்: விடுதி வாசலைத் தாண்டினால் பச்சைத்தண்ணீருக்கும் காசு. இரண்டு காப்பும் ஏறிய கைகளால் மாப்பிள்ளை தாலி கட்டும் படம் அல்பத்தில் இருக்கிறது. பட்டியைக் கணினியில் அழித்துத் தரலாம், படத்துக்கு இவ்வளவு என்றார் உங்கள் படப்பிடிப்பாளர். அதுவும் அடக்கமில்லை.

எங்கள் அழைப்பிதழ்களில் 'இஷ்டமித்திர பந்துக்கள் சகிதம்' என்று போடுவது வழக்கம். வருகிறவர் யாரைக் கூட்டிவந்தாலும் அவருக்கும் இலை உண்டு என்பது அதன் அர்த்தம். நீங்கள் தந்த இணைப்பில், தலைக்கு இவ்வளவு, இருவருக்கு ஓர் அறை என்றிருந்தது. எங்கள் பெரியம்மா பெரியப்பாவைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவர். தனியாள் என்பதற்காக அவரிடம் மேலதிகமாக வாங்கினீர்கள். கணவனை இழந்தவருக்கு உதவிப்பணம் கொடுக்கும் அரசாங்கங்களைக் கண்டிருக்கிறோம். வரி விதிக்கும் ஆட்சியை உங்களிடம்தான் கண்டோம். "நாலு பொம்பிளையளாப் படுக்கிறம், ஒரு பாயைப் போட்டு விடுங்கோ" என்று பெரியம்மா சமரசம் பேசினார். அறைக்கு மூன்று பெரியவர்களுக்கு மேல் கூடாது, பாதுகாப்பு விதி என்றீர்கள். கலியாண வீட்டு விறாந்தையில் நாற்பது பேர் கால்மாடு தலைமாடாகப் படுத்து வளர்ந்த குடும்பம் இது. அந்த வீடுகளில் எந்த விதி எங்களைக் காப்பாற்றியது என்று இப்போது யோசிக்கிறோம்.

அடுத்தது ஐயர். உங்கள் பக்கேஜில் கலியாணம் நடத்திவைப்பவர் ஒருவர் இருக்கிறார். கையில் மைக்கோடு வந்து, ஆங்கிலத்தில் பாதி, ஸ்பானிய மொழியில் பாதியாகக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். நாங்கள் ரொறன்ரோவிலிருந்து கூட்டிவந்தபடியால் எங்கள் ஐயர் 'வெளி விற்பனையாளர்' ஆகிவிட்டார். கேக் செய்பவர், பலூன் கட்டுபவர், ஐயர் எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே கட்டணம். 'விற்கும் பொருள்' என்ற கட்டத்தில் அவர் நெடுநேரம் யோசித்து, 'ஆசீர்வாதம்' என்று எழுதினார். அதற்குக் காப்புறுதி உண்டா என்று உங்கள் ஆள் கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

ஓமகுண்டத்துக்குப் பின்னால் தீயணைப்புக் குடுவையோடு ஓர் ஊழியரை நிறுத்தியிருந்தீர்கள். கடமை தவறாத மனிதர். ஐயர் நெய் விட்ட ஒவ்வொரு முறையும் குழாயை நிமிர்த்தினார். அக்கினி பகவான் இத்தனை கெடுபிடிக்குள் சாட்சி சொன்னது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

முகூர்த்தம் இன்னொரு சிக்கல். உங்களிடம் 11 மணி, 1 மணி, 3 மணி, 5 மணி என்று நாளுக்கு நாலு முகூர்த்தங்கள். அட்டமி, நவமி, கரிநாள் எதற்கும் அசையாதவை. எங்களிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள். அவை தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. போதாததற்கு, ரொறன்ரோ பனிக்காலத்தில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். உங்கள் நாடு அதைத் தொடுவதே இல்லை. அதனால் தை மாதத்தில் உங்கள் 10 மணி ரொறன்ரோவுக்கு 9 மணி. ராகுகாலம் எந்த மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பெரிய வழக்கே நடந்தது. எந்தக் கணக்கைப் போட்டாரோ, உங்கள் 11 மணியே உத்தமமான நேரம் என்று ஐயர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். வெளி விற்பனையாளராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர்.

அந்த 11 மணிக்குத்தான் உங்கள் நீச்சல் தடாகத்தில் மெரெங்கே இசைக்கு உடற்பயிற்சி. மேளக்காரருக்கும் விற்பனையாளர் கட்டணம் கட்ட வசதியில்லாமல் நாங்கள் ஒலிபெருக்கியில் போட்ட கெட்டிமேளம் ஒருபக்கம், "உனோ, தோஸ், த்ரெஸ்" என்ற எண்ணிக்கை மறுபக்கம். எங்கள் பெண்ணுக்குத் தாலி ஏறியது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்.

மணவறை நின்ற மணலுக்கு 'இடவாடகை' என்று பில்லில் ஒரு வரி. உங்கள் நாட்டின் 1968ஆம் ஆண்டு 305ஆம் இலக்கச் சட்டப்படி, உயர்அலை தொடும் கோட்டிலிருந்து 60 மீற்றர் அகலக் கரை பொதுச்சொத்து. எங்கள் மருமகன் ஒருவன் வழக்கறிஞன். விருந்துக்கு வந்த இடத்திலும் சும்மா இருக்காமல் எட்டு வைத்து அளந்து, மணவறை அந்த அறுபதுக்குள் தாராளமாக இருந்தது என்கிறான். ஆக, டொமினிக்கன் மக்களின் கடற்கரையை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அந்த மக்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை, கையில் தட்டு ஏந்தி நின்றவர்களைத் தவிர.

வாழைமரத்தில்தான் எனக்கு உண்மையான ஆச்சரியம். இயற்கை உரத்தில் விளைந்த வாழைப்பழத்தை உலகத்துக்கு ஏற்றுமதி செய்வதில் முன்வரிசையில் நிற்கும் நாடு உங்களுடையது. நாங்கள் கேட்டது வாசலில் கட்ட இரண்டு குலைவாழையும் சாப்பிட இலையும். உங்கள் அலங்காரப் பட்டியலில் ஒர்க்கிட் இருந்தது, வெள்ளை ரோஜா இருந்தது, காய்ந்த நட்சத்திர மீன்கூட இருந்தது, வாழை இல்லை. 'விசேட தாவர அமைப்பு' என்று தனியாக விலை அனுப்பினீர்கள். அந்த விலைக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தையே குத்தகைக்கு எடுக்கலாம்.

காரியத்தை முடித்தவர் உங்கள் தோட்டக்காரர் ஒருவர். அடையாளம் சொல்லமாட்டேன், அவர் வேலைக்கு உலை வைத்த பாவம் எனக்கு வேண்டாம். அண்ணன் கைப்பாஷையில் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டுப் போனவர், விடியற்புறத்தில் இரண்டு மரத்தையும் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். குலை வழிப்பக்கம் சாயும்படி நிறுத்தி, மடலைக் கிழித்து அந்த நாராலேயே முடிச்சுப் போட்டார். கயிறு தேடவில்லை. நுனியிலை எது என்று பெரியம்மா காட்ட, நடுத்தண்டின் தடிப்பைக் கத்தியால் சீவிச் சீவி அடுக்கினார். கொடுத்த காசை வாங்கினார், பயற்றம் பணியாரத்தையும் வாங்கினார். போனவர், ஒரு மரம் சாய்ந்திருக்கிறதென்று திரும்பிவந்து நிமிர்த்திவிட்டுப் போனார். கலியாண வீட்டு ஆள்போல அங்கே நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். தங்கப் பக்கேஜ், பிளாட்டினப் பக்கேஜ் இரண்டிலும் தேடினேன். அவர் எதிலும் இல்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் கோபித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அது ஒரு பதவி. எங்கள் குடும்பத்தில் மூத்த மருமகன் என்ற முறையில் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அதை நீண்ட காலமாக வகித்து வருகிறார். நடைமுறை எல்லோருக்கும் தெரிந்தது. பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் இடையில் எப்படியும் ஒரு குறை கிடைத்துவிடும். "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று அறைக்குள் போய் அத்தான் கதவைச் சாத்துவார். முதலில் அண்ணன் போய்த் தட்டுவார், பிறகு அக்கா, பிறகு சபையில் மூத்தவர் யாராவது. கடைசியில் பெண்ணே போய் "மாமா" என்பாள். கதவு திறக்கும். முதற் பந்தியில், முதல் இலையில் அத்தான் உட்காருவார். கலியாணம் களைகட்டிவிட்டது என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்கு நிம்மதி வரும்.

உங்கள் விடுதியில் நடந்தது இது. முந்தின இரவு விருந்து இத்தாலிய உணவகத்தில். அத்தான் பட்டுக்கரை வேட்டியும் சால்வையுமாக வந்தார். ஆண்கள் நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணிந்திருக்க வேண்டும் என்று வாசலில் நின்ற பெண் புன்னகை மாறாமல் சொன்னாள். துவாயோடு உள்ளே வரக் கூடாது என்றும் விளக்கினாள். இதைவிடத் தரமான குறை அத்தானுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. விறுவிறென்று அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கோபம் ஊருக்குத் தெரியட்டும் என்று கைப்பிடியில் கிடந்த அட்டையையும் வெளியே மாட்டினார். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை.

உங்கள் ஊழியர்கள் அதை அப்படியே மதித்தார்கள். ஒருவரும் தட்டவில்லை. அண்ணன் அந்நேரம் ஐயரின் படிவத்தோடு முன்மேசையில் நின்றார். அத்தானின் அறை எது என்று கேட்டதற்கு, விருந்தினரின் தனியுரிமை, சொல்ல முடியாது என்றீர்கள். அக்கா கடற்கரை மேடையில் மந்திரவித்தை பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அத்தானுக்குப் பசித்தது. தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார். சோறும் சிவப்பு பீன்ஸும் பொரித்த வாழைக்காயும் மூடிபோட்ட தட்டில் வந்து சேர்ந்தன.

'சாப்பாடு வேண்டாம்' என்ற ஆயுதத்தின் வலு முழுவதும், யாரோ ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் விடுதியில் யாரும் காத்திருக்கவில்லை. அந்தச் சோற்றுக்கு அத்தானே நாலு மாதத்துக்கு முன் காசு கட்டியிருக்கிறார். தன் காசில் வாங்கிய சோற்றை மறுத்து யாரைத் தண்டிப்பது?

அண்ணன் பாடு இன்னும் பாவம். பெண்ணைப் பெற்றவர் பந்திக்குப் பந்தி நின்று "சாப்பிட்டீங்களோ? இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்பதற்காகவே ஒரு கலியாணம் வைக்கிறார். உங்கள் பஃபேயில் அவர் அதைக் கேட்டபோது, கையில் தட்டோடு நின்ற மாப்பிள்ளையின் மாமா, "நீங்கள் எடுத்தனீங்களோ? அந்தக் கரையிலை மீன் நல்லாயிருக்கு, கெதியாப் போங்கோ" என்று அவரையே உபசரித்து அனுப்பினார்.

இந்த ஏற்பாட்டின் மூலத்தைத் தேடிப் படித்தேன். 1950இல் ஜெரார்ட் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து கிளப் மெட்டைத் தொடங்கியிருக்கிறார். ஒரே தொகையைக் கட்டிவிட்டால் பணப்பையை மறந்துவிடலாம். குடிவகைக்கு மட்டும் பிற்காலத்தில் பாசிமணிகள் காசாகப் புழங்கின. போரில் களைத்த ஐரோப்பாவுக்கு அருமையான யோசனைதான்: யாரும் யாருக்கும் கடன்பட வேண்டாம். எங்கள் கலியாண வீடு நடப்பதே கடனில். "உன்ரை கலியாணத்துக்கு விடிய விடியத் தேங்காய் துருவினவன் நான்" என்ற ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒருவர் உரிமையோடு அடுப்படிவரை வருகிறார், குறை சொல்கிறார், முறுக்கிக்கொள்கிறார். உங்களிடம் வந்த எல்லோரும் தங்கள் தங்கள் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்தவர்கள். தீர்ந்த கணக்கை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிச் சண்டை பிடிப்பான்?

கோரிக்கைகள் அதிகமில்லை. பெரியம்மாவின் தனியாள் வரியைத் திருப்பிக் கொடுங்கள். ஐயரின் பெயரை விற்பனையாளர் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பலூன் கட்ட என்ன விலை என்று அவருக்கு இன்னமும் மின்னஞ்சல் வருகிறது.

மிச்சம் அத்தான். அவருடைய முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தந்தீர்கள். மன்னிப்பும், அடுத்த தடவைக்கு 10 வீதக் கழிவும் பதிலாக வந்தன. அத்தான் அதை அச்செடுத்து வைத்திருக்கிறார், சமாதானமாகவில்லை. அண்ணன் வீடு தேடிப் போனதற்கு, "உன்னோடை எனக்கென்ன கோபம்? விடுதிக்காரன் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள்தான் வர வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஸ்காபரோ வீட்டில் இருப்பார். முதல் தட்டுக்குத் திறக்கமாட்டார், திரும்பிப் போய்விடாதீர்கள். வெறுங்கையோடு வர வேண்டாம். ஒரு சீப்புக் கதலியாவது கொண்டுவாருங்கள். காற்சட்டையோ வேட்டியோ உங்கள் விருப்பம். மூடிய சப்பாத்தை மட்டும் வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் சித்தப்பா