டிரைவருக்குப் படுக்கை எங்கே?

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், சென்னையில் எங்கள் நங்கநல்லூர்த் தெருக்களில் ராத்திரி ஒன்பதரை, பத்து மணிக்கு மஞ்சள் போர்டு வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். பெட்டிகள் ஏறும், புளியோதரைப் பொட்டலமும் தலையணையும் ஏறும். ராத்திரி கிளம்பினால் ஒரு பகல் மிச்சம் என்பது கணக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துவிட்டால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, விடியும்போது மேட்டுப்பாளையம். ஐந்நூறு கிலோமீட்டரும் தூக்கத்திலேயே ஓடிவிடும். வண்டிக்குள் ஒருவர் மட்டும் தூங்கியிருக்க மாட்டார். அவர் ஒரு முழு ராத்திரி கண் விழித்து முடித்த இடத்தில்தான் ஊட்டி மலையே ஆரம்பிக்கிறது.

கல்யாணமான புதிதில், 1984-ல், நானும் என் மனைவியும் ஊட்டிக்கு வாடகைக் காரில் போனோம். 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, மறுபடியும் போனோம். ரோடு அகலமாகிவிட்டது, வண்டி நன்றாகிவிட்டது, நாங்கள் தங்கிய அறையும் முன்னைவிட வசதி. வண்டி ஓட்டியவரின் நிலைமை மட்டும் அன்றைக்கு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

1984-ல் எங்கள் பேட்டையில் ஆஞ்சநேயர் கோயில் கிடையாது. இன்று நங்கநல்லூர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருகிற 32 அடி உயர ஆஞ்சநேயருக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1995-ல். தெருவில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நங்கநல்லூரிலிருந்து ஊட்டி வரை காரிலேயே போவது என்ற எண்ணமே எங்கள் மாதிரி ஆபீஸ் போகிற குடும்பங்களுக்கு வந்ததில்லை. பழவந்தாங்கலில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டிச் சென்ட்ரலுக்குப் போய் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மலை ரயிலில் இடம் இல்லை. ஸ்டேஷன் வாசலில் அம்பாசிடர்கள் வரிசையாக நின்றன.

ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி, குளித்த தலையில் ஈரம் இன்னும் காயவில்லை. "ஊட்டிங்களா? வாங்க, பர்லியாறு, குன்னூர் வழியாவே போயிரலாமுங்க" என்றார். முந்தின ராத்திரி அவர் தன் வீட்டில், தன் பாயில் படுத்துத் தூங்கிவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மேட்டுப்பாளையத்துக்காரர், வேறு எங்கே தூங்குவார்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் ஏற வேண்டும். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அம்பாசிடர் முனக ஆரம்பித்தது. பர்லியாறு வந்ததும் நின்றே விட்டது. அவர் பதறவில்லை. இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். பானெட்டைத் தூக்கினார். டிக்கியிலிருந்து தகர டின்னையும் ஒரு பழைய துணியையும் எடுத்தார். துணியை நனைத்து, பெட்ரோல் பம்ப் மேல் சுற்றி வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார்.

அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். ஏற்றத்தில் இன்ஜின் கொதித்தால் குழாய்க்குள் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. ஏர்லாக் என்பார்கள். ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது, முகத்தில் கொதிநீர் அடித்துவிடும் என்று என் மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் அதற்குள் பர்லியாற்றுப் பழக்கடையில் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். மங்குஸ்தான் என்கிற பழத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அந்தக் கால் மணி நேரத்திலும் அதற்குப் பிறகும் அவர் சொன்னதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "ஏறுற வண்டிக்குத்தான் வழிங்க. எறங்குறவன் ஒதுங்கி நிக்கோணும்." இது டிரைவர்களின் மரியாதை மட்டும் இல்லை, சட்டமே அதுதான். ரோடு குறுகலாக இருக்கிற மலைப்பாதையில் இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு இடம் கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி அது. இன்னொன்று சொன்னார்: "எந்த கியர்ல ஏறுனமோ அந்த கியர்லயே எறங்கோணுங்க. பிரேக்க நம்பி எறங்குனா பிரேக்கு நம்மள உட்டுப்போடும்." எந்தத் திருப்பத்தில் மழைக்காலத்தில் மண் சரியும், எங்கே மூடுபனி இறங்கினால் முன்சக்கரம்கூடத் தெரியாது, எந்த இடத்தில் யானை ரோட்டைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன செய்தியைப் படித்தபோது முதலில் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

குன்னூரில் சாப்பாட்டுக்கு நின்றபோது அவர் வண்டியிலேயே இருக்கிறேன் என்றார். "அண்ணா, வாங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்று என் மனைவி விடாமல் கூப்பிட்டாள். வந்து, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பிற்பகலில் எங்களை ஊட்டியில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. 2025-ல் எங்களுக்கு வந்தது இன்னோவா. ஏர்லாக் கிடையாது, டின்னும் கல்லும் வேண்டியதில்லை. டோல்கேட்டில் நின்று சில்லறை தேட வேண்டாம். நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது அது. எங்கள் பயணத்துக்குப் பிறகு, 2025 ஏப்ரலிலிருந்து, சீசன் காலத்தில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலை தாங்க வேண்டுமே. அது தேவைதான்.

டிராவல்ஸ்காரர் அனுப்பிய கணக்கில் எல்லாம் இருந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், டோல் தனி, பார்க்கிங் தனி, ஹில்ஸ் சார்ஜ் தனி, டிரைவர் பேட்டா ஒரு நாளைக்கு இவ்வளவு. அந்த பேட்டாவில்தான் அவர் மூன்று வேளை சாப்பிட வேண்டும், டீ குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், படுக்கவும் வேண்டும். சீசன் ஊரில் அந்தக் காசுக்கு அறை கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் அவர் எடுக்க மாட்டார். மிச்சம் பிடிக்கிற பேட்டாதான் வீட்டுக்குப் போகும். ஏறக்குறைய எல்லா டிரைவர்களும் வண்டியில் படுப்பதற்குக் காரணம் இதுதான். பழக்கம் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வேறு வழி இல்லாததற்குப் பழக்கம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ராத்திரிப் பயணமே வேண்டாம், விடிந்துதான் கிளம்புவது என்று என் மனைவி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். டிராவல்ஸ்காரருக்கு ஆச்சரியம். "எல்லாரும் நைட்டுதான் மேடம் கேப்பாங்க" என்றார். காலை ஐந்து மணிக்கு வந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். செய்யாறு பக்கம் சொந்த ஊர், ஆதம்பாக்கத்தில் நாலு பேரோடு ரூம். கண் சிவந்திருந்தது. கேட்டால், திருப்பதி ட்ரிப் முடித்து வண்டியை விட்டதே நள்ளிரவுக்கு மேல்தானாம். "பரவால்ல சார், ஓட்டிருவேன்" என்றார். எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, ஒன்பதரைக்குச் சாப்பாடு போட்டுத்தான் கிளம்பினோம். அன்றைக்கு மலை ஏறாமல் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டோம். என்ன நஷ்டம்? ஒரு சாயங்காலம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961-லேயே சட்டம் வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின் அளவு. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்த நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒருவர் வாங்கி இன்னொருவர் ஓட்டுகிற ஒற்றை வண்டியை அது தொடவே இல்லை. நங்கநல்லூர் வாசலில் வந்து நிற்பதில் எத்தனையோ வண்டிகள் அப்படிப்பட்டவைதான்.

மறுநாள் ராத்திரி ஊட்டியில் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஜனவரி மாதம், புல் மேல் உறைபனி விழுகிற குளிர். எங்கள் அறையில் ஹீட்டர், இரண்டு ரஜாய். டிரைவருக்கு இடம் எங்கே என்று வரவேற்பில் கேட்டதற்கு, "அவங்க வண்டியிலதான் படுப்பாங்க சார்" என்று பதில் வந்தது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களின் டிரைவர்களுக்கு ஓட்டல்களும் லாட்ஜுகளும் படுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், கழிப்பறையும் குளியலறையும் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டது. ஓட்டலுக்குள்ளேயோ, 250 மீட்டர் தூரத்துக்குள்ளேயோ, எட்டு கார் நிற்கிற இடத்துக்கு ஒரு படுக்கை என்று கணக்கும் சொன்னது. இந்தியாவிலேயே நல்ல விதிகளில் ஒன்று இது என்பது என் எண்ணம். வரவேற்பில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கீழே பார்க்கிங்கில் போய்ப் பார்த்தேன். ஏழெட்டு வண்டிகள், எல்லாவற்றிலும் கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்றில் வெளுத்திருந்தது. ஒரு வண்டியில் முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, காதைச் சுற்றித் துண்டு கட்டி, லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். கால் நீட்ட இடம் இல்லாமல் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வண்டியில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. தட்டி எழுப்பி அணைக்கச் சொன்னேன். எங்கள் தம்பிக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் படுக்கை பிடித்துக் கொடுத்தோம். பேட்டாவில் கழிக்கவில்லை.

இறங்கும்போது கோத்தகிரி வழி. நன்றாகத் தூங்கியிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. ஆனால் மலை அவருக்குப் புதுசு. மூன்றாவது கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினார். கொஞ்ச தூரத்திலேயே தீய்ந்த வாடை வந்தது. பின்னாலிருந்து என் மனைவி, "தம்பி, ஓரமா நிறுத்துப்பா. அது பிரேக் வாடை" என்றாள். விடாமல் பிரேக் பிடித்தால் பட்டை சூடேறிப் பிடிமானம் குறையும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலே கொதித்துப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். தண்ணீர் ஊற்றக்கூடாது, தானாக ஆற வேண்டும். ஆறிய பிறகு, அந்த மேட்டுப்பாளையத்துக்காரர் சொன்னதை அவரிடம் சொன்னோம். இரண்டாவது கியருக்கு மாற்றினார். இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டது. "இத யாருமே சொல்லித் தரல சார்" என்றார்.

வண்டியில் வழிகாட்டும் வரைபடம் இருக்கிறது. அது திருப்பத்தைக் காட்டும், கியரைச் சொல்லாது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஒரு கார் கல்லட்டிச் சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை அது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் போய்விட்டார்கள். அந்த மலையில் வளர்ந்த, அந்த ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிற டிரைவர்கள் மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் ஊட்டியிலும் இன்றும் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் ரயிலில் போய், அங்கே வண்டி எடுத்துக்கொள்ளலாம். மலை தெரிந்தவர் ஓட்டுவார், ராத்திரி தன் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். ஊர்க்காரருக்கும் நாலு காசு சேரும்.

இங்கிருந்தேதான் காரில் போக வேண்டும் என்றால், ராத்திரி கிளம்பாதீர்கள். அறை பதிவு செய்ய போன் போடும்போது, பள்ளத்தாக்கு தெரிகிற ஜன்னல் இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன்னால், டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வேறு ஓட்டல் பாருங்கள். ஊட்டியில் ஓட்டலுக்குப் பஞ்சம் இல்லை. நாலு பேர் கேட்டு, நாலு பேர் வேறு இடம் போனால், அந்த 2023 ஆணையை வரவேற்பு மேஜையில் இருப்பவரும் தெரிந்துகொள்வார்.