சித்தப்பாவின் சுதந்திரப் பயணம்

வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவதில் எங்கள் சித்தப்பாவை மிஞ்ச இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் மந்தையாய் ஓடுவது மானக்கேடு என்று டூர் கம்பெனிகளை உதறிவிட்டு, பாரிஸ் பயணத்தை அவரே எக்செல்லில் போட்டு முடித்தார். கம்பெனிக்காரன் ஏழு மணிக்கு எழுப்புவான். சித்தப்பா ஐந்தரைக்கே எழுப்பி எங்களை அந்த அடிமைத்தனத்திலிருந்து மீட்டார்.

ஞானமும் லேசுப்பட்டதல்ல. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள் என்பதெல்லாம் மனப்பாடம். இது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பாமரர்களைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். விமானத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம்.

லூவரில் மோனலிசாவுக்கு நான்கு நிமிடம். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள படத்துக்கு அது தாராளம். கூட்டத்துக்கு மேல் கையை உயர்த்தி, முன்னால் நின்றவரின் செல்போன் திரையில் தெரிந்த மோனலிசாவைத் தம் செல்போனில் துல்லியமாகப் பிடித்தார். எதிர்ச்சுவரில் கானா ஊர்க் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்துக்கு வெரோனேஸே வரைந்து வைத்திருக்கிறார். நூறு பேருக்கு மேல் கூடிய பந்தி. பட்டியலில் இல்லாத விருந்துக்கு அப்படி முதுகைக் காட்டி நிற்கும் வைராக்கியம் முனிவர்களுக்கும் வாய்க்காது.

13ஆம் நூற்றாண்டில் கட்டிய செயின்ட் ஷப்பெல் தேவாலயத்தில் வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள் 15. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவிலியக் காட்சிகள். சாளரத்துக்கு ஒரு நிமிடம் வீதம், கழிப்பறை உட்பட, பதினைந்து நிமிடம் கொடுத்தார். கழிப்பறைக்குப் போனவர்களுக்கு ஆதாம் ஏவாள் தப்பிப்போனது அவரவர் வினை.

கண்டிப்பானவர் என்று சொல்லிவிட முடியாது. செய்ன் நதிக்கரையில் ‘மனம்போனபடி உலாவுதல்: 4.10 – 4.40’ என்று ஒரு வரியே போட்டிருந்தார். கரைச்சுவரில் வரிசையாக இருக்கும் பச்சைப் பெட்டிக் கடைகளில் சித்தி ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியது 4.39க்கு. அதில் சித்தப்பாவின் பிழை ஏதுமில்லை.

கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் நிறைய. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்டு நாங்கள் பலவீனப்பட்டோம். 4.7 நட்சத்திரம் வாங்கிய உணவகத்தில் இரண்டு மாதம் முன்பே மேசை பிடித்திருந்த சித்தப்பா அசையவில்லை. அங்கே வந்த உணவு தட்டின் அழகைக் கொஞ்சமும் மறைக்காத அளவில் இருந்தது.

அடுத்தது ரோமாம். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்று இப்போதே குறித்துவிட்டார். புறப்பட இன்னும் ஆறு மாதம் இருக்கையிலேயே சித்திக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. எதையும் முன்கூட்டியே செய்ய அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்.